ஆண்டர்சன் பாடாத யெஸ்

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான யெஸ்ஸின் ரசிகர்கள் நடுவே சத்தமாகச் சொல்ல முடியாத கருத்துகள் சில உண்டு. 1973-இல் வந்த, நான்கே பாடல்கள் கொண்ட இரட்டை ஆல்பம்தான் அவர்களுடைய உச்சம் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் படித்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து பாடகர் ஜான் ஆண்டர்சன் கட்டி எழுப்பிய ஆல்பம் அது. கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் குழுவை விட்டே போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நான் அந்த ஆல்பத்தின் பக்கம் நிற்பவன். அதன் கடைசிப் பாடலுக்காக மற்ற மூன்றையும் பொறுமையாகக் கேட்கலாம் என்பேன். பில் ப்ரூஃபோர்டைவிட ஆலன் வைட்தான் இந்தக் குழுவுக்கு ஏற்ற டிரம்மர் என்று வாதாடுகிற ஒருவரை எனக்குத் தெரியும். 'டார்மாட்டோ' ஆல்பத்துக்குக்கூட உயிரைக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எண்பதுகளின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டு பிடிக்கும் என்பதை இன்னமும் சிலர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். இவையெல்லாம் ரசனைச் சண்டைகள். ஒரு மாலை முழுக்கப் பேசிவிட்டுக் கலைந்துபோகலாம். என்னிடம் இருக்கும் கருத்து அப்படிக் கலைய மறுக்கிறது. ஆண்டர்சன் ஒரு வரிகூடப் பாடாத 'டிராமா', 1980-இல் வந்தது, யெஸ்ஸின் மிகச் சிறந்த மூன்று ஆல்பங்களில் ஒன்று. அது யெஸ்ஸின் பெயரில் வந்த வேறு ஏதோ ஒன்று இல்லை. அதுவும் யெஸ்தான், அச்சு அசலாக.

இந்தக் கருத்து எனக்கு வாதத்தால் வந்ததில்லை, காதால் வந்தது. சித்தப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது பதிவுசெய்து அனுப்பிய தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள் வழியாகத்தான் இவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். உறையில் ஆல்பத்தின் பெயர் கிடையாது, பாடல் வரிசை கிடையாது. நீல மையில் குழுவின் பெயர் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் 'ஃப்ராஜைல்', மறுபக்கம் 'டிராமா' என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டது. மறுபக்கத்தில் பாடுகிறவர் வேறு ஆள் என்பது முதல் தடவையே தெரிந்தது. ஆண்டர்சனின் குரல் எப்போதும் தரையிலிருந்து ஓரடி மேலே மிதக்கும். இந்தக் குரல் தரையில் நின்றது. சற்றே தட்டையாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. குரல் மாறியிருக்கிறது என்று புரிந்ததே தவிர, குழு மாறியிருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அதே கணீரென்ற பேஸ் கிதார், அதே முறுக்கிக்கொண்டு ஓடும் கிதார், அடுக்கடுக்காக எழும் அதே கூட்டுக்குரல். 'மெஷின் மெசையா' பத்து நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டு. அதன் தொடக்கத்தில் ஸ்டீவ் ஹவ்வின் கிதார் அவ்வளவு கனமாகவும் இருட்டாகவும் இறங்கும்போது, கேசட்டைத் திருப்பிப் போட்ட சிறுவனுக்கு அது முதல் பக்கத்தின் தொடர்ச்சியாகவே கேட்டது.

பிறகு, இந்த இசையை எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே கேட்டுவந்த ஓர் அண்ணனின் பழக்கம் கிடைத்தது. வீட்டுச் சுவர் முழுக்க இசைத்தட்டுகள். 'டிராமா' மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தம்பி, அது யெஸ்ஸே இல்ல. ஆண்டர்சன் இல்லாம என்ன யெஸ்? வீட்டுக்காரரு ஊருல இல்லாதப்ப வாடகைக்கு வந்தவங்க போட்ட கூத்து அது" என்றார். வாங்கி, கேட்டு, பிடிக்காமல் விற்றுவிட்டதாகச் சொன்னார். அவர் கேட்ட அதே நாற்பது நிமிடங்களைத்தான் நானும் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் அதைக் கேட்பதற்கு முன்பே, யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று இசைப் பத்திரிகையில் படித்துவிட்டார்.

1980-இல் நடந்தது

கதை தெரிந்ததுதான் என்றாலும் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1979-இன் கடைசியில் பாரிஸில் ஆரம்பித்த ஒலிப்பதிவு சிதறிப்போனது. ஆண்டர்சனும், அதற்குள் திரும்பி வந்திருந்த வேக்மனும் கொண்டுவந்த பாடல்கள் மற்ற மூவருக்கும் மென்மையாகப் பட்டன. நடுவில் ஆலன் வைட் ரோலர் ஸ்கேட்டிங் போய்க் காலை முறித்துக்கொண்டார். புதிய ஆண்டு பிறந்து சில மாதங்களில் பாடகரும் இல்லை, கீபோர்டு கலைஞரும் இல்லை. பேஸ் வாசிக்கும் கிறிஸ் ஸ்குவையர், ஹவ், வைட் மூவரும் லண்டனில் ஓர் அறையில் வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்து சேர்ந்தவர்கள் பாடகர் டிரெவர் ஹார்னும் கீபோர்டு கலைஞர் ஜெஃப் டவுன்ஸும். பகிள்ஸ் என்ற பெயரில் இருவரும் போட்ட பாப் பாடல் முந்தைய அக்டோபரில்தான் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்திருந்தது. எம்டிவி 1981 ஆகஸ்டில் தொடங்கியபோது முதன்முதலில் காட்டியதும் அதன் வீடியோவைத்தான். இரண்டு உலகங்களுக்கும் அவ்வளவு தூரம். சிந்தசைசரும் பெரிய கண்ணாடியுமாக வந்த இருவர், இருபது நிமிடப் பாடல்கள் போடும் குழுவில் சேர்ந்தார்கள்.

ஹார்ன் யெஸ்ஸின் தீவிர ரசிகர். அதுதான் அவரைக் காப்பாற்றியது, அதுவே அவரை வதைத்தது. அமெரிக்காவில் அந்தச் சுற்றுப்பயணம் நன்றாகவே போனது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செப்டம்பரில் மூன்று இரவுகள் வாசித்தார்கள். ஆனால் ஒவ்வொரு இரவும் புதிய பாடல்களோடு ஆண்டர்சனின் பழைய பாடல்களையும் ஆண்டர்சனின் சுருதியிலேயே பாட வேண்டியிருந்தது. அந்த உயரம் ஹார்னின் குரலுக்கு இயல்பானது இல்லை. நாள் போகப் போகத் தொண்டை கட்டியது. சொந்த ஊரான இங்கிலாந்துக்குத் திரும்பியபோது கூட்டத்திலிருந்து ஆண்டர்சன் எங்கே என்று கத்தினார்கள். 1981 தொடக்கத்தில் குழுவே கலைந்தது. இதைத்தான் 'டிராமா' தோல்வி என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனதைச் சொல்ல மாட்டார்கள். மேடையில் அடுத்தவரின் பாடல்களைப் பாட முடியாமல் ஒருவர் தவித்தது உண்மை. ஸ்டுடியோவில் தன்னுடைய பாடல்களை அவர் எப்படிப் பாடினார் என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது எனக்கு இன்றுவரை ஏற்கவில்லை.

பின்பாட்டு

ஆண்டர்சன் இல்லாமலும் அது எப்படி யெஸ்ஸாகவே கேட்டது என்று யோசித்து யோசித்து ஸ்குவையரிடம் வந்து நின்றேன். லண்டனின் வடமேற்கில் கிங்ஸ்பரியில் பிறந்து, அங்கே தேவாலயச் சிறுவர் பாடகர் குழுவில் வளர்ந்தவர். அறுபதுகளின் நடுவில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது வாங்கிய ரிக்கன்பேக்கர் பேஸைக் கடைசிவரை விடவில்லை. விரலால் வாசிக்காமல் பிக் என்கிற சின்னத் தகட்டால் வாசிப்பார். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்கள் பேஸில் இரண்டு உண்டு; அவற்றைப் பிரித்து, ஒன்றைச் சுத்தமாகவும் இன்னொன்றைக் கொஞ்சம் கரகரப்போடும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர்களுக்கு அனுப்புவார். அதனால் அடியில் இருக்கவேண்டிய வாத்தியம் முன்னால் வந்து நிற்கும். கிதாரோடு மல்லுக்கட்டும், சில இடங்களில் பாட்டின் முக்கிய மெட்டே அதுதான். 'டிராமா'வில் 'டஸ் இட் ரியலி ஹேப்பன்' பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, எல்லாம் ஓய்ந்த இடத்திலிருந்து பேஸ் மறுபடி கிளம்பித் தனியாக ஓட்டம் எடுக்கும். அதே ஆல்பத்தின் 'டெம்பஸ் ஃப்யூஜிட்' முழுவதுமே அந்த பேஸின் முதுகில் ஏறிப் பறக்கிற பாட்டு. எத்தனையோ பேஸ் கலைஞர்களைக் கேட்டிருக்கிறேன். வாத்தியத்தின் முதல் நான்கு நோட்டிலேயே ஆளைச் சொல்லிவிட முடிகிறவர்கள் வெகு சிலர்.

பேஸைவிட முக்கியமானது அவருடைய குரல் என்பது என் எண்ணம். ஆண்டர்சன் பாடும் ஒவ்வொரு பெரிய பாடலிலும் அவருக்குப் பக்கத்திலேயே ஸ்குவையரின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். தேவாலயத்தில் பழகிய, நேரான, அசையாத குரல். அதைத் தனியாகக் கவனிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. மார்கழி பஜனையில் முன்பாட்டுப் பாடுகிறவர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார். பின்பாட்டுக் கூட்டம் அதே தெருக்காரர்களாக இருக்கிறவரை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தத் தெரு பஜனை என்று சொல்லிவிடலாம். 'டிராமா'வில் நடந்தது அதுதான். ஹார்ன் முன்பாட்டுக்கு வந்தார். பின்பாட்டில் ஸ்குவையரும் ஹவ்வும் அப்படியே இருந்தார்கள். 1969-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014-இல் வந்த 'ஹெவன் அண்ட் எர்த்' வரை, அந்தப் பெயரில் வெளிவந்த ஒவ்வொரு ஸ்டுடியோ ஆல்பத்திலும் இருந்த ஒரே மனிதர் ஸ்குவையர்தான். பாடகர் போனார், வந்தார், போனார். கீபோர்டில் ஐந்தாறு பேர் மாறினார்கள். அவர் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

ஆகவே பல வருடங்களாக என் கட்சி இதுவாக இருந்தது: யெஸ் என்றால் ஸ்குவையர். அண்ணன் இதை ஒருபோதும் ஏற்றதில்லை. அந்த மிதக்கும் குரல் இல்லாவிட்டால் இவர்கள் திறமையான வாத்தியக்காரர்கள், அவ்வளவுதான் என்பார். பாடல் வரிகளுக்கு அகராதிப் பொருள் இல்லாவிட்டாலும் ஆண்டர்சன் வாயிலிருந்து வரும்போது நம்பத் தோன்றுகிறது, ஹார்ன் பாடும்போது தோன்றவில்லை என்பார். அந்த இரண்டாவது வாதத்தில் வலு இருந்தது, இருக்கிறது.

அண்ணன் கேட்ட கேள்வி

2015 ஜூன் கடைசியில் ஸ்குவையர் இறந்தார். ரத்தப் புற்றுநோய் என்று மே மாதம்தான் அறிவித்திருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் நினைக்கவில்லை. அன்று அண்ணனே என்னைக் கூப்பிட்டார். துக்கம் விசாரிக்கிற மாதிரியேதான் பேசினார். "உன் ஆளு போயிட்டாரேப்பா" என்றார். கொஞ்ச நேரம் 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' பற்றிப் பேசினோம். 1975-இல் ஸ்குவையர் தனியாகப் போட்ட அந்த ஆல்பத்தில், சிறுவயதில் தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த தேவாலய ஆசிரியரையே ஆர்கன் வாசிக்க வைத்திருப்பார். அதையெல்லாம் பேசி முடித்த பிறகு, குத்திக் காட்டும் தொனி கொஞ்சமும் இல்லாமல் அண்ணன் கேட்டார்: "அவங்க நிறுத்தப் போறதில்லையாம். பில்லி ஷெர்வுட் பேஸ் வாசிக்கப் போறாராம். இப்பச் சொல்லு, அது யெஸ்ஸா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆம் என்றால் ஸ்குவையர்தான் குழு என்று இத்தனை நாள் பேசியது என்னாவது? இல்லை என்றால், ஆண்டர்சன் போனதும் கதவைச் சாத்திக்கொண்ட அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு அந்த ஆள், எனக்கு இந்த ஆள், அவ்வளவுதானா? இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. தான் இல்லாத மேடையில் தன் இடத்தில் நிற்கும்படி ஷெர்வுட்டைக் கேட்டுக்கொண்டதே ஸ்குவையர்தான். குழு நிற்கக்கூடாது என்பது அவருடைய விருப்பம். அவர்தான் குழு என்றால், குழு தொடர வேண்டும் என்று குழுவே சொல்லிவிட்டது. நான் யார் மறுப்பதற்கு?

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு எல்லா ஆல்பங்களையும் மறுபடி வரிசையாகக் கேட்டேன். இந்த முறை போனவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே வந்தவர் என்ன கொண்டுவந்தார் என்று மட்டும் கவனித்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 1970-இல் ஹவ் வந்தபோது கிதாருக்கு ஜாஸும் நாட்டுப்புற விரல் வாசிப்பும் வந்தன, குழுவின் நடையே மாறியது. வேக்மன் வந்தபோது கீபோர்டுகளின் எண்ணிக்கையும் லட்சியமும் ஒன்றாகப் பெருகின. 1974-இல் கீபோர்டுக்கு பேட்ரிக் மொராஸ் வந்தார், 'ரிலேயர்' ஆல்பம் அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் தொடாத ஓர் உக்கிரத்தைத் தொட்டது. ஹார்னும் டவுன்ஸும் வந்தபோது இறுக்கமும் இயந்திரச் சத்தமும் பாப் பாடலின் சிக்கனமும் உள்ளே நுழைந்தன. 'இன்டு தி லென்ஸ்' அவர்கள் கையோடு கொண்டுவந்த பாட்டு. அதை யெஸ் எட்டரை நிமிடத்துக்கு விரித்து, உள்ளே நான்கு வாசல்கள் வைத்துக் கட்டியது. குழு கலைந்த பிறகு பகிள்ஸ் அதே பாட்டைச் சுருக்கி வேறு பெயரில் தங்கள் ஆல்பத்தில் போட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் புதிதாக வந்தவர்கள் கொடுத்தது எவ்வளவு, பழையவர்கள் சேர்த்தது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். 1983-இல் புதிய கிதார் கலைஞர் டிரெவர் ரேபின் கொண்டுவந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாடலை, பாட்டை விட்டுவிட்டுத் தயாரிப்பாளர் நாற்காலிக்குப் போயிருந்த ஹார்ன் பிடிவாதமாகச் செதுக்கி எடுத்தார். 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆண்டர்சன் அந்த ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தது எல்லாம் பெருமளவு முடிந்த பிறகு. பிடிக்கிறதோ இல்லையோ, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் வீட்டை மாற்றிக் கட்டுகிற உரிமை இருந்தது.

2008-இல் அது நின்றது. ஆண்டர்சனுக்குக் கடுமையான மூச்சுக் கோளாறு வந்து சுற்றுப்பயணம் ரத்தானது. அடுத்து பெனுவா டேவிட் வந்தார், கனடாவில் யெஸ் பாடல்களை மட்டுமே வாசிக்கும் ஒரு குழுவின் பாடகர். 2012-இல் அவருக்குப் பின் வந்த ஜான் டேவிசனும் அப்படி ஒரு குழுவில் பாடியவர். இருவரும் நல்ல பாடகர்கள், நேர்மையான கலைஞர்கள். டேவிசன் சொந்தமாகப் பாடல்கள் எழுதுகிறவர், பின்னால் வந்த 'தி க்வெஸ்ட்', 'மிரர் டு தி ஸ்கை' ஆல்பங்கள் இரண்டிலும் அவர் பங்கு கணிசம். அவர்களிடம் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. ஆனால் அவர்கள் அழைக்கப்பட்டது தங்களிடம் இருந்த புதிய ஒன்றுக்காக இல்லை. ஆண்டர்சனைப் போல ஒலித்ததற்காக. பெனுவா டேவிட்டை இணையத்தில் ஒரு வீடியோவில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் ஸ்குவையர். பகிள்ஸை உள்ளே இழுத்த அதே ஸ்குவையர். இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு மிகவும் கனத்தது. முப்பத்திரண்டு வயதில் யாரும் எதிர்பாராத இருவரைக் கூட்டிவந்து நிறுத்தியவர், அறுபது வயதில் எல்லோரும் எதிர்பார்க்கிற குரலைத் தேடிப் போனார். காரணம் புரியாமல் இல்லை. டிக்கெட் வாங்குகிறவர்கள் பழைய பாடல்களைப் பழைய மாதிரியே கேட்க வருகிறார்கள். ஹார்ன் மேடையில் பட்ட பாட்டையும் ஸ்குவையர் பக்கத்தில் நின்றே பார்த்தவர்.

எனவே அண்ணனுக்கு என் பதில் கொஞ்சம் தாமதமாகப் போனது. யெஸ் என்றால் ஸ்குவையர் என்று இப்போது நான் சொல்வதில்லை. புதிதாக வந்தவர் தன்னுடைய ஒன்றைக் கொண்டுவந்து, இருந்தவர்கள் அதற்கு இடம் கொடுத்து, இரண்டும் உரசி மூன்றாவதாக ஒன்று பிறந்தவரைக்கும் அது யெஸ். அந்த அளவுகோலில் 'டிராமா' ஐந்து பேருடைய முழு உழைப்பில் நிற்கிறது, அதன்பின் வந்த எத்தனையோ ஆல்பங்கள் நிற்கவில்லை. ஆண்டர்சன் பாடியவையும் அதில் அடக்கம். 1991-இல் எட்டுப் பேரும் சேர்ந்து நின்ற 'யூனியன்' ஆல்பத்தில் எல்லா ஆட்களும் இருந்தார்கள், உரசல் மட்டும் இல்லை. வேக்மனே அதை வெங்காயம் என்று அழைக்கிறார், கேட்கும்போதெல்லாம் அழுகை வருகிறதாம். அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "இப்படி அளந்தா நாளைக்கு எவன் வேணாலும் யெஸ் ஆயிடுவான்" என்றார். ஆகட்டுமே, ஒரு 'டெம்பஸ் ஃப்யூஜிட்' கொண்டுவந்தால் ஆகட்டும் என்றேன்.

விடுபட்ட இரண்டு பெயர்கள்

2017 ஏப்ரலில் யெஸ் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, ஸ்குவையரின் இடத்தில் ரஷ் குழுவின் கெடி லீ நின்று பேஸ் வாசித்தார். பொருத்தமான மரியாதை. அந்த வாத்தியத்தை முன்னால் கொண்டுவந்த வழியில் நடந்தவர் அவர். கௌரவிக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். அந்தப் பட்டியலில் ஹார்ன் இல்லை, டவுன்ஸ் இல்லை. குழு இல்லாமலே போயிருக்கக்கூடிய ஒரு வருடத்தில் வந்து தோள் கொடுத்தவர்கள். ஹார்ன் இல்லாவிட்டால் அந்த ஒரே அமெரிக்க முதலிடமும் இல்லை. டவுன்ஸ் 2011-இல் திரும்பிவந்து இன்றுவரை அங்கேதான் வாசிக்கிறார். வேறெந்தக் கீபோர்டு கலைஞரும் இந்தக் குழுவில் தொடர்ச்சியாக இத்தனை வருடம் இருந்ததில்லை. ரசிகர்களின் பெரும்பான்மைக் கருத்து ஒரு பட்டியலாக உறைந்துபோனால் இப்படித்தான் இருக்கும். அது அநியாயம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

'டிராமா'வை மறுக்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் 'டிராமா'வை எடுத்துக் கொடுப்பதில்லை. 1980 சுற்றுப்பயணத்தில் வாசித்து, ஆல்பத்தில் இடம்பெறாமல் போன ஒரு பாடலை நீட்டி, 2011-இல் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' என்று பெரிய தொடராகவே கட்டினார்கள். ஹார்ன்தான் தயாரிப்பாளர், பாடியவர் பெனுவா டேவிட். 2018-இல் ஹார்ன் அதே ஒலிப்பதிவை எடுத்து, டேவிட்டின் குரலை நீக்கிவிட்டுத் தானே பாடி மறுபடி வெளியிட்டார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. பிறருடைய சுருதியைத் துரத்தவேண்டிய கட்டாயம் இல்லை. ஹார்ன், ஹவ், டவுன்ஸ், வைட், ஸ்குவையர் என்று 'டிராமா'வின் ஐந்து பேரும் அதில் இருக்கிறார்கள். இரண்டு பதிப்புகளையும் வரிசையாகக் கேளுங்கள், வாத்தியங்கள் அநேகமாக அவையேதான். முதல் பதிப்பில் ஒரு நல்ல பாடகர் யெஸ்ஸைப் பாடுகிறார். இரண்டாவதில் யெஸ் பாடுகிறது.